வோட்டுவாலேவு ரோட்டுக்கு ஒரு சைக்கிள் லைட்

என் வீட்டுக்காரருக்கு சைக்கிள் லைட் வாங்க டவுனுக்குப் போனது நான்தான். ஆம்பிளைகள் பார்த்து வாங்குகிற சாமானை நீ ஏன் போய் வாங்குகிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ஆம்பிளை வாங்க மாட்டேன் என்கிறாரே, பின்னே யார் வாங்குவது என்றேன். அவருக்குப் பிடிவாதம் ஒரு சாண் என்றால் எனக்கு ஒரு முழம். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஃபிஜியில், நாட்டை இந்தியர்கள் ஆளக்கூடாது என்று சொல்லி, பூர்வீக ஃபிஜியர்களின் ராணுவம் ஒரே வருஷத்தில் இரண்டு முறை ஆட்சியைப் பிடித்தது. நான் சொல்வது இரண்டாவது முறைக்குப் பிந்தைய மாதங்களை. நாங்கள் வோட்டுவாலேவில் குடியிருந்தோம். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், கரும்புத் தோட்டத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட வீடுகள் ஒரு வரிசை. அவருக்கு ஏர்போர்ட் ரோட்டில் ஒரு ஹோட்டலில் லாண்ட்ரி வேலை. வெள்ளைக்காரர்கள் படுத்து எழுந்த விரிப்பையும் துடைத்துப் போட்ட துண்டையும் வெளுத்து, தேய்த்து, மடித்து அடுக்க வேண்டும். அதுவரை ஹோட்டல் வேனே ஆட்களை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும். டூரிஸ்ட்டுகள் வருவது நின்றதும் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள், வேனையும் நிறுத்தினார்கள். மிச்சமிருந்தவர்கள் ஆளுக்கு இரண்டு பேர் வேலையைச் செய்துவிட்டு, பொழுது இருட்டி, கடைசி பஸ்ஸும் போன பிறகுதான் வெளியே வருவார்கள். அவரிடம் அவருடைய அண்ணன் விட்டுப்போன சைக்கிள் ஒன்று இருந்தது. அதற்கு பெல் உண்டு, காரியர் உண்டு, லைட் மட்டும் கிடையாது.

அந்த அண்ணன் முதல் தடவை துப்பாக்கியைப் பார்த்ததுமே குடும்பத்தோடு கனடா போய்விட்டார். முக்குக் கடைக்குப் போன் போட்டு, நீங்களும் வந்துவிடுங்கள், நான் ஏற்பாடு செய்கிறேன் என்று அங்கிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வரிசையிலேயே வாரத்துக்கு ஒரு வீடு காலியானது. வாசலில் கட்டில், மேஜை, மாவாட்டும் கல் எல்லாம் விற்பனைக்கு நிற்கும். மறுநாள் சாயங்காலம் எங்கள் கூரைக்கு மேலே ஏறுகிற பிளேனில் அந்த வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். என் வீட்டுக்காரர் அண்ணனோடு பேசிவிட்டு வந்து, போகலாம் என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். என் முகத்தைப் பார்ப்பார்.

நான் போகமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தேன். இதை ஊர்ப்பாசம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு இருந்தது கோபம். என் தாத்தாவை மதராஸில் யாரோ ஏமாற்றிக் கப்பலில் ஏற்றினார்கள். அவர் ஒப்பந்தக் கூலியாகக் கரும்பு வெட்டி, கஷ்டப்பட்டு, இந்த மண்ணிலேயே செத்தார். அவரை ஏமாற்றி ஏற்றிய மாதிரி என்னைப் பயமுறுத்தி இறக்கிவிடலாம் என்று ஒருவன் நினைத்தால், அவன் நினைப்பில் மண்தான். போ என்று சொன்னதும் போகிற பிறவி நானில்லை. இருந்தாலும் எனக்கும் புத்தி உண்டு. வேலைக்குப் போன மனுஷன் ராத்திரிச் சோற்றுக்கு உயிரோடு வீடு வந்து சேர முடிகிற வரை இங்கே இருக்கலாம், முடியாத அன்றைக்கு இருக்க முடியாது. எங்கள் குடும்பம் இருப்பதா போவதா என்பது அந்த இருட்டு ரோட்டில்தான் இருந்தது.

அந்த ரோட்டில்தான் எங்கள் ஆம்பிளைகள் ஒரு கூத்து அடித்தார்கள். ஏர்போர்ட் ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பும் முக்கில் ராணுவம் டிரம்மை உருட்டி, பலகை போட்டு, சாவடி வைத்திருந்தது. சாவடிக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று எல்லோரும் இருட்டில் லைட் இல்லாமல் சைக்கிள் விட ஆரம்பித்தார்கள். லைட் வைத்திருந்தவர்கள்கூடக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார்கள். சாவடிக்கு முன்னாலேயே இறங்கி, கரும்புக்குள் இருக்கும் ரயில் பாதையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றி வருவார்கள். பிறகு மறுபடியும் ரோட்டில் ஏறி, கறுப்பு ரோட்டில் கறுப்பு சைக்கிளில் வீடு வருவார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? சாவடிக்காரனுக்குத் தெரியாதவன் கரும்பு லாரிக்காரனுக்கும் தெரியமாட்டான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது தாமதமாகத் தொடங்கிய வெட்டுக் காலம். லாரிகள் முட்ட முட்டக் கரும்பு ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் பறந்துகொண்டிருந்தன.

நான் பயந்தது எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரருக்கு நடந்தது. லாரி அவரை இடித்தது டிரைவருக்கே தெரியவில்லை. வாய்க்காலில் விழுந்து கிடந்தவரை முனகல் சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். உயிர் தப்பியது, ஒரு கால் போனது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் என்னிடம் பெருமையாகச் சொன்ன முதல் வார்த்தை, "ஆர்மிக்காரன் கண்ணுல ஒரு நாளும் நான் மாட்டினதில்ல அக்கா." அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவருடைய பெண்டாட்டியைப் பார்த்தேன். அவளும் ஆமாம் என்று பெருமையாகத் தலையை ஆட்டினாள். மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு குஜராத்திப் பெரியவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் கடையும் பாதி காலி. மகன்கள் சரக்கையும் பணத்தையும் மெல்ல வெளிநாட்டுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். இருட்டில் போக லைட் வேண்டும் என்று இந்துஸ்தானியில் சொன்னேன். ஊரெல்லாம் லைட்டைக் கழற்றுகிற நேரத்தில் இவளுக்கு என்ன வந்தது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடையில் இருந்த இரண்டு வகையையும் எடுத்து வைத்தார். ஒன்று பாட்டரி லைட், இரண்டு தடித்த பாட்டரி போட்டுக் கைப்பிடியில் மாட்டுவது. இன்னொன்று டைனமோ, டயரில் உரசிக்கொண்டு சுற்றி, சக்கரம் ஓட ஓடத் தானே கரண்டு எடுத்துக்கொள்வது. எது நன்றாக எரியும் என்று கேட்டேன். இரண்டுமே நன்றாக எரியும் என்றார். வியாபாரி வேறெப்படிச் சொல்வார்?

"பட்டப்பகல்ல எரிச்சுக் காட்டினா எனக்கு என்ன தெரியும்? ஷட்டரை இறக்குங்க, இருட்டுல பார்த்துட்டு வாங்கறேன்" என்றேன்.

அவரும் ஏதோ ஞாபகத்தில் எழுந்து போய் ஷட்டரைப் படபடவென்று தரைவரை இறக்கினார். கடைக்குள் நல்ல இருட்டு. முதலில் பாட்டரி லைட்டைப் போட்டார். மஞ்சளாக, சாதுவாக எரிந்தது. பிறகு டைனமோ பூட்டி நிறுத்தியிருந்த சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றினார். வெளிச்சம் எதிர்ச்சுவரில் அடித்தது, அட்டைப்பெட்டியில் இருந்த எழுத்தை வாசிக்க முடிந்தது. சக்கரம் நின்றதும் அணைந்தது. அதை நான் பார்த்தேன்தான். நின்ற பிறகு வெளிச்சம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். பாட்டரி வாங்கிக் கொடுத்தால் என் வீட்டுக்காரர் அது தீர்ந்துவிடும் என்று மிச்சம் பிடித்து அணைத்து அணைத்து வருவார் என்பதும் எனக்குத் தெரியும். டைனமோ என்றால் கால் மிதிக்கிற வரை எரிந்துதான் தீரும், ஓட்டும்போது அவர் அணைக்க நினைத்தாலும் முடியாது.

டைனமோவே இருக்கட்டும் என்று வாயெடுத்தபோது வெளியே பக்கத்துக் கடை ஷட்டர் இறங்கியது. அதற்கடுத்தது இறங்கியது. பிறகு தெரு முழுக்க ஒரே படபடப்பு. ஆட்கள் ஓடுகிற சத்தம், யாரோ பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், பஸ்கள் அவசரமாகக் கிளம்புகிற சத்தம். பெரியவர் கையில் இருந்த சக்கரத்தை விட்டுவிட்டார். "மறுபடி வந்துட்டாங்க" என்று கிசுகிசுத்தார். நாங்கள் இரண்டு பேரும் கல்லாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தோம். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வீட்டுக்காரர் வேலையில் இருந்தார். எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். பெரியவர் அவருடைய சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்துத் துணிக்கடைக்காரர். வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

"சேட், என்ன பார்த்தீங்க? எங்கே வராங்க?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கள்லாம் மூடினீங்களே?"

"நீங்கதானே முதல்ல மூடினீங்க? உங்களைப் பார்த்துத்தான் நான் மூடினேன்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஆர்மியும் இல்லை, கலவரமும் இல்லை. ஒரு சைக்கிள் லைட்டைப் பார்க்க ஒரு ஷட்டரை இறக்கியதில் தெரு முழுவதும் மூடி, பஸ் ஸ்டாண்டே காலியாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நாங்களே இருட்டை உண்டாக்கி, அதைப் பார்த்து நாங்களே அரண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. ஷட்டரை நானே தூக்கிவிட்டு, டைனமோவைக் கட்டித் தரச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கொடுத்தபோது சண்டை நடந்தது. பேச்சில் நான்தான் ஜெயிப்பேன் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் என்ன திருட்டு வேலைக்கா போய் வருகிறீர்கள், வெளிச்சம் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் வாருங்கள், சாவடியில் நிறுத்தினால் நின்று பதில் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். கடைசி வீட்டுக்காரருக்குக் கால் போனதைச் சொன்னதும் அவர் ஸ்பானரைத் தேடி எடுத்தார். அன்றைக்கே பூட்டினார். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது சக்கரத்தில் டைனமோவைச் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, "திருப்திதானே?" என்று கேட்டார். திருப்திதான் என்றேன்.

அன்று ராத்திரி அவர் வழக்கத்தைவிட ரொம்பத் தாமதமாக வந்தார். நான் ரோடுவரை போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்தவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனார். எவ்வளவு நேரம் கழுவினாலும் கைக்கறுப்பு போகவில்லை. அவர் கை எங்கள் வரிசையிலேயே சுத்தமான கை. நாள் முழுக்க சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும். அந்தக் கையில் மணிக்கட்டு வரை செயின் கிரீஸ், உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. செயின் கழன்றுவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னார். அன்றைக்கு ஸ்பூனால் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் யாரும் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டதில்லை.

பிள்ளைகள் படுத்த பிறகு கேட்டேன். சுருக்கமாகச் சொன்னார். சாவடியில் நிறுத்தச் சொல்லி டார்ச்சைக் காட்டினார்கள். பிரேக் பிடித்தார். சக்கரம் நின்றது, லைட் அணைந்தது.

"எங்களப் பார்த்ததும் ஏன் லைட்ட அணைச்சேன்னு கேட்டான். நான் அணைக்கல, நின்னா தானா அணைஞ்சிடும்னு சொன்னேன். நம்பல. சுத்திக் காட்டுன்னான். காட்டினேன்."

"அப்புறம்?"

"அவங்க டார்ச்சுல பாட்டரி தீர்ந்துக்கிட்டு இருந்துச்சு. சைக்கிளைக் கவுத்துப் போட்டுப் பெடலைக் கையால சுத்துன்னான். வர்ற லாரி, கார் எல்லாத்தையும் அந்த வெளிச்சத்துலதான் சோதிச்சாங்க. கை நின்னா வெளிச்சம் நிக்குது. நின்னா சத்தம் போடறான்."

நான் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் தடவினேன்.

"போம்போது, நல்ல லைட், நாளைக்கும் கொண்டான்னு சொன்னான்."

அன்று ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அவரை அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. காலையில் அவர் டைனமோவைக் கழற்ற ஸ்பானரை எடுத்தார். நான் பிடுங்கி நானே கழற்றினேன். அதை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். பாட்டரி லைட்டை எடுத்து, புதுப் பாட்டரி போட்டு, எரிய வைத்துக் காட்டிக் கொடுத்தார். நின்றாலும் எரிகிற லைட். இந்தத் தடவை ஷட்டரை இறக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து ஹோட்டல் கேட்டில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்துத் திகைத்தார். லைட்டைக் கைப்பிடியில் மாட்டினேன், காரியரில் ஏறி உட்கார்ந்தேன். "விடுங்க" என்றேன். வேண்டாம், முக்குக்கு முன்னால் இறங்கிக் கரும்புக்குள்ளே போய்விடலாம் என்று வழியெல்லாம் கெஞ்சினார். நான் அசையவில்லை.

சாவடியில் மூன்று பேர் இருந்தார்கள். கையை நீட்டி நிறுத்தினார்கள். நின்றோம். லைட் எரிந்துகொண்டே இருந்தது. முன்னால் நின்றவன் சின்ன வயசு, மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவன் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, நேற்றைய லைட் எங்கே என்று கேட்டுச் சிரித்தான். அவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கினேன்.

நான் பிறந்தது தவுவா என்கிற கரும்பு ஊரில். எங்கள் கரும்புக்கு அந்தப் பக்கம் ஃபிஜியர்களின் கிராமம். அந்தப் பிள்ளைகளோடு ஆற்றில் விழுந்து எழுந்து வளர்ந்ததில் அவர்கள் பாஷை எனக்குத் தமிழ் மாதிரியே வரும். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது ஆளைப் பார்த்தால் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். எந்த ஊர், தாய் எந்த ஊர் என்று கேட்பார்கள். பெரியவர்கள் கேட்டால் சின்னவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் நிற்பது மரியாதைக் கேடு. நான் அவன் பாஷையில் அதையே கேட்டேன். அவன் சிரிப்பு நின்றது. சொன்னான். அவன் தாய் ஊர் எங்கள் தவுவாவுக்குப் பக்கத்துக் கிராமம். அந்த ஊர்ப் பெண்கள் என் அம்மாவோடு சேர்ந்து நண்டு விற்கப் போனவர்கள்.

"இவர் ஹோட்டல்ல துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்க்கிறவர். நேத்து இவரை மண்ணுல உக்கார வச்சு நீ வேலை வாங்கினதை உன் தாய்கிட்டப் போய் நான் சொல்லட்டுமா? இல்ல நீயே சொல்றியா?" என்று கேட்டேன். அவர்கள் பாஷையில் பெரியவர்கள் சின்னவர்களைக் கண்டிக்கிற சொற்களாகவே தேடி எடுத்துச் சொன்னேன்.

மற்ற இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவனுக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. அந்தப் பையன் தலையைக் குனிந்து, மன்னிப்புக் கேட்கிற அவர்கள் சொல்லை வாய்க்குள் சொன்னான். பலகையைத் தூக்கினான். நாங்கள் போனோம்.

வீடு போய்ச் சேருகிற வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டும் பேசினேன். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு எங்கம்மா சும்மாவா சொன்னாங்க? பார்த்தீங்களா, இந்த ஊர்ல இருக்கத் தெரிஞ்சவங்க இருக்கலாம்."

அவர் கதவோரமாக நின்றிருந்தார். சட்டைகூட மாற்றவில்லை.

"அந்தப் பையன் ரெண்டு பேர் முன்னாடி தலை குனிஞ்சிட்டான்" என்றார்.

"குனியட்டும். அவன் செஞ்சதுக்கு."

"நாளைக்கும் அவன் அங்கதான் நிப்பான். கையில துப்பாக்கி இருக்கும். நீ இருக்க மாட்ட. நான் தனியா வரணும்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். நாளைக்கும் வருகிறேன், தினமும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து இன்னும் கூட்டி வராத பிள்ளைகளின் குரல் கேட்டது. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்துப் பொங்கி அடங்கியது, நான் அரிசியைப் போடவில்லை. எந்த லைட்டைப் பொறுக்கி எடுத்தாலும் அவர் அந்த முக்கில் போய்த்தான் நிற்க வேண்டும்.

"உங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க. போயிடலாம்" என்றேன்.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இவ்வளவு பயத்தை வச்சிக்கிட்டு, போயிடலாம்னு நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ இங்கதான் இருக்கணும்னு சொன்னியே" என்றார். "அதான் தினமும் அந்த ரோட்டுல வந்துக்கிட்டு இருந்தேன்."